வயலே பாடசாலை: உயிர்கள் சூழலுக்கு ஏற்ப அமைவது எப்படி?



பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு, "தகவமைப்பு என்றால் என்ன?" என்று உங்களைக் கேட்கலாம். அறிவியல் பாடத்தில் வரும் சொல் இது. இதற்குப் பாலைவனத்து ஒட்டகத்தையும் பனிப்பிரதேசத்துக் கரடியையும் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். இரண்டையும் நம் பிள்ளைகள் படத்தில்தான் பார்க்கிறார்கள். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்து விடுகிறார்கள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது, ஆசிரியரைப் போய்க் கேள்" என்று பிள்ளையை அனுப்பிவிட வேண்டாம். இந்தப் பாடத்துக்கு வேண்டிய எல்லாப் பொருள்களும் உங்கள் வரப்பிலும், கிணற்றடியிலும், மானாவாரிக் காட்டிலும் இருக்கின்றன. ஒரு கூர்மையான பிளேடும், இரண்டு கைப்பிடி உளுந்தும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பொழுதும் இருந்தால் போதும்.

இது பிள்ளைகளுக்கு மட்டுமான பாடமும் அன்று. "போன வருடம் கேட்ட மருந்து இந்த வருடம் கேட்கவில்லையே, பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டதோ?" என்று நாம் கேட்கும் கேள்விக்கும் இதே பாடத்தில்தான் விடை இருக்கிறது. அந்த விடையைத் தவறாகப் புரிந்துகொண்டால் கைப்பணமும் விளைச்சலும் சேர்ந்து போகும். ஆகவே பிள்ளையோடு சேர்ந்து நாமும் ஒருமுறை படிப்போம்.

தகவமைப்பு என்பது

ஓர் உயிர் தான் வாழும் இடத்தின் வெயில், மழை, மண், இரை, எதிரி ஆகியவற்றுக்கு ஈடுகொடுத்துப் பிழைக்கவும், இனம் பெருக்கவும் உதவுகின்ற உடலமைப்பும் குணமும் தகவமைப்பு எனப்படும்.

இதில் இரண்டு செய்திகளைப் பிரித்து அறிய வேண்டும். உச்சி வெயிலில் சோளத்தின் இலை சுருள்கிறது. மாலையில் மீண்டும் விரிகிறது. இது ஒரு செடி தன் வாழ்நாளில் அவ்வப்போது செய்துகொள்ளும் சரிக்கட்டல். ஆனால் அப்படிச் சுருளும் திறன் அதற்கு எங்கிருந்து வந்தது? அது தாய்ச்செடியிடமிருந்து விதை வழியே வந்தது. தலைமுறை தலைமுறையாக இவ்வாறு இறங்கி வருவதே தகவமைப்பு.

முதல் செடிக்கு அது எப்படி வந்தது என்று பிள்ளை கேட்கும். "வெயில் அடித்தது, செடிக்குத் தேவைப்பட்டது, ஆகவே இலை சுருளக் கற்றுக்கொண்டது" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது தவறு. செடிக்குத் தேவையை அறியும் மனம் இல்லை. ஓர் இனத்தின் எல்லாச் செடிகளும் ஒன்று போல் இருப்பதில்லை. ஒன்றின் வேர் சற்று ஆழம். ஒன்றின் இலை சற்றுத் தடிப்பு. ஒன்று ஒரு வாரம் முந்திப் பூக்கும். மழை பொய்த்த ஆண்டில் பல காய்ந்து போகின்றன. சில தாங்கி நிற்கின்றன. தாங்கி நின்றதன் விதைதான் அடுத்த ஆண்டு முளைக்கிறது. பல ஆயிரம் தலைமுறை இப்படி நடந்தால், அந்த இனமே வறட்சி தாங்கும் இனமாகி விடுகிறது.

தேவைப்பட்டதால் வரவில்லை, இருந்தவற்றுள் ஏற்றது தங்கியது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளையின் மனத்தில் பதிய வைத்தால் பாதிப் பாடம் முடிந்தது. நம் முன்னோர் களத்துமேட்டில் நல்ல கதிர்களைப் பொறுக்கி விதைக்கு வைத்தார்களே, அவர்கள் தெரிந்து செய்ததை இயற்கை தெரியாமலே செய்கிறது.

முதற்பாடம்: நெல் ஏன் அழுகுவதில்லை?

மக்காச்சோளம் இளம் பருவத்தில் இருக்கும்போது வயலில் சில நாட்கள் தண்ணீர் தேங்கினால் பயிர் மஞ்சளித்து வாடுகிறது. வேருக்குக் காற்று கிடைக்காததே காரணம். ஆனால் நெல் மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறது. ஏன்?

வயலிலிருந்து ஒரு நெற்குத்தை வேரோடு பிடுங்கி, கழுவிக்கொள்ளுங்கள். தடித்த வேர் ஒன்றைப் பிளேடால் குறுக்கே நறுக்கிப் பிள்ளையிடம் காட்டுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. வேரின் உட்பகுதி கெட்டியாக இராமல் காற்றறைகளுடன் காணப்படும். இலை வழியாக உள்ளே வரும் காற்று, தாளின் வழியே இறங்கி இந்த அறைகள் மூலம் வேர் நுனி வரை செல்கிறது. இவ்வாறு குழாய் அமைத்துக் காற்றைக் கீழே கொண்டு போவதால்தான் நெல் சேற்றில் மூச்சு விடுகிறது.

வேரின் நிறத்தையும் காட்டுங்கள். புது வேர்கள் வெண்மையாகவும், பழைய வேர்கள் துருப்பிடித்தது போன்ற செம்பழுப்பு நிறத்திலும் இருக்கும். வேரிலிருந்து கசியும் பிராணவாயு சேற்றிலுள்ள இரும்புச் சத்தைத் துருவாக மாற்றி வேரின் மேல் படிய வைக்கிறது. இந்த நிறம் நல்ல அறிகுறி. வேர்கள் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால், மண்ணில் நச்சு வாயு மிகுந்து வேர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். அப்போது தண்ணீரை வடித்து வயலைச் சற்று ஆறவிட வேண்டும்.

பயிர் முழுதும் மூழ்கிவிட்டால் என்ன ஆகும்? இங்கே இயற்கை இரண்டு வழிகளைக் காட்டுகிறது. வங்காளதேசம், தாய்லாந்து ஆகிய நாடுகளின் ஆழ்நீர் நெல் வகைகள், வெள்ளம் ஏற ஏறத் தாமும் உயர்ந்து இலை நுனியை நீர்மட்டத்துக்கு மேலே வைத்துக்கொள்கின்றன. இவற்றுள் சில ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல்கூட வளரும். ஒடிசாவின் பழைய நெல் வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13 ஏ இதற்கு நேர்மாறானது. மூழ்கியதும் அது வளர்ச்சியை நிறுத்தி, சேமித்த மாவுச்சத்தைச் செலவிடாமல் அடக்கி வைத்துக்கொள்கிறது. வெள்ளம் வடிந்ததும் துளிர்க்கிறது.

இரண்டில் எது சிறந்தது? மாதக்கணக்கில் நிற்கும் வெள்ளத்துக்கு முதல் வழி ஏற்றது. திடீரென்று வந்து பத்துப் பதினைந்து நாளில் வடியும் வெள்ளத்துக்கு இரண்டாவது ஏற்றது. அங்கே உயர்ந்து வளரும் பயிர் சத்தெல்லாம் செலவழித்து, நீர் வடிந்ததும் சாய்ந்து விடும். எங்கும் எப்போதும் சிறந்தது என்று ஒரு தகவமைப்பும் இல்லை. எஃப்.ஆர். 13 ஏ நெல்லில் இந்தக் குணத்தைத் தரும் சப் 1 மரபணு 2006-இல் அடையாளம் காணப்பட்டது. அதைச் சேர்த்து உருவாக்கப்பட்ட சுவர்ணா சப் 1 நம் நாட்டில் 2009-இல் வெளியிடப்பட்டது. காவிரிப் படுகையினருக்கு நன்கு தெரிந்த சி.ஆர். 1009 ரகத்திலும் இக்குணம் சேர்க்கப்பட்டு, சி.ஆர். 1009 சப் 1 கிடைத்துள்ளது. சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் திறன் இவற்றுக்கு உண்டு.

இரண்டாம் பாடம்: மானாவாரிக் காடு

நஞ்சையிலிருந்து மானாவாரி நிலத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். சோளத் தட்டையில் இலையுறையின் மேல் வெண்ணிறப் பொடி போல் படிந்திருப்பதை விரலால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது மெழுகு. உடலிலுள்ள நீர் ஆவியாகி வீணாவதை அது தடுக்கிறது. கடும் வறட்சியில் சோளம் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருந்து, மழை பெய்ததும் மீண்டும் வளரத் தொடங்கும். கம்பின் வழி வேறு. குறுகிய காலத்திலேயே கதிர் பிடித்து, ஈரம் முடியுமுன் தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியையும் காட்டுங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி இது. சப்பாத்தி போலிருப்பது இலையன்று, தண்டு. முள்தான் இலை. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்குகின்றன. அப்போது நீரும் வெளியேறுகிறது. கள்ளியோ பகலில் துளைகளை மூடி வைத்து, குளிர்ந்த இரவில் திறக்கிறது.

சோளத்தில் இன்னொரு தகவமைப்பு இருக்கிறது. அதை அறியாமல் மாட்டை இழந்தவர்கள் உண்டு. இளஞ்சோளத்தின் இலையை ஆடுமாடு கடித்து மெல்லும்போது அதிலிருந்து ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. மேய வரும் விலங்கிலிருந்து இளம்பயிரைக் காக்க அமைந்த ஏற்பாடு இது. வறட்சியில் வாடிய பயிரிலும், அறுத்த பின் தழையும் மறுதாம்பிலும் நஞ்சு மிகுதி. எனவே பூக்கும் பருவத்துக்கு முன் சோளத்தைப் பச்சையாக மேய விடவோ, அறுத்துப் போடவோ கூடாது. மேய்ந்த மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். ஆடுமாடு மேய்க்கும் பிள்ளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

மூன்றாம் பாடம்: குளம் வற்றும்போது

கோடையில் குளம் குட்டையாகி வற்றும் நேரம் நல்ல பாடம். கட்லா, ரோகு போன்ற மீன்கள் தண்ணீரில் கரைந்த காற்றை நம்பி வாழ்பவை. நீர் குறைந்து சூடேறினால் மூச்சுத் திணறி மிதக்கின்றன. விரால் அப்படியன்று. அதற்குத் தலையில் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்வதைப் பிள்ளைகள் பார்க்கலாம். நீர் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்தும் நாட்களைக் கடத்தும்.

வயல் நத்தை தன் வாயை மூடியால் இறுக அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் கிடக்கும். முதல் மழைக்கு வெளியே வரும். "மழை பெய்ததும் இத்தனை தவளைகள் எங்கிருந்து வந்தன?" என்று பிள்ளை கேட்டால், வானத்திலிருந்து வரவில்லை, கோடை முழுதும் மண்ணுக்குள்ளும் சந்துபொந்துகளிலும் ஒடுங்கிக் கிடந்தவைதாம் அவை என்று சொல்லுங்கள்.

நான்காம் பாடம்: நம் கையை ஏமாற்றிய களை

இதுவரை வெயிலும் வெள்ளமும் செய்ததைப் பார்த்தோம். இனி, மனிதன் கையே சூழலாக அமைந்த கதையைப் பார்ப்போம்.

நெல்வயலில் களையாக வரும் குதிரைவாலிப் புல்லை இளம் பருவத்தில் நெல்லிலிருந்து பிரித்தறிவது கடினம். பழகிய கைகூடச் சில சமயம் தவறிவிடும். இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததன்று. நெல் பயிரிட்ட நாள்தொட்டு உழவர்கள் கையால் களை எடுத்து வந்தார்கள். நெல்லிலிருந்து வேறுபட்டுத் தெரிந்த புல் கண்ணில் பட்டது, பிடுங்கப்பட்டது. படர்ந்து வளராமல் நெல்லைப் போல் நிமிர்ந்து நின்ற புல் கண்ணுக்குத் தப்பியது, விதை உதிர்த்தது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் இப்படியே களையெடுத்து, நெல்லைப் போன்ற களையை உழவர்களே தெரியாமல் தேர்ந்தெடுத்து விட்டார்கள். சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் திரட்டிய குதிரைவாலியின் மரபுப் பொருளை ஆராய்ந்து, நெல்லைப் போன்ற வகை ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்க வேண்டும் என்று 2019-இல் ஆய்வாளர்கள் கணித்துள்ளனர்.

ஏமாறாமலிருக்க ஒரு வழி உண்டு. இலையும் இலையுறையும் சேரும் இடத்தைப் பாருங்கள். நெல்லில் அங்கே வெண்மையான சவ்வு ஒன்றும், இருபுறமும் மயிருடன் கூடிய சிறு கொக்கிகளும் காணப்படும். குதிரைவாலியில் இரண்டும் இரா. பிள்ளைக்கு ஒருமுறை காட்டிக் கொடுத்தால், அடுத்த களையெடுப்பில் அது உங்களுக்கே சொல்லித் தரும்.

உளுந்து விளையாட்டு

இப்போது பாடத்தின் உயிர்நாடியை ஒரு விளையாட்டால் விளக்கலாம். தோலுள்ள முழு உளுந்து 20, தோல் நீக்கிய முழு வெள்ளை உளுந்து 20 எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அளவில் ஏறக்குறைய ஒன்றே; நிறம்தான் வேறு. கரிசல் மண் உள்ள இடத்தில் ஒரு பாய் அளவு கோடு கிழித்து, உள்ளே இரண்டையும் கலந்து தூவுங்கள். கரிசல் இல்லாத ஊரில் எருக்குப்பை பொடியைப் பரப்பிக்கொள்ளலாம்.

பிள்ளைகள்தாம் பறவைகள். தேடித் துழாவாமல், கண்ணில் முதலில் பட்டதைக் கொத்த வேண்டும். 20 உளுந்து எடுத்ததும் நிறுத்திவிட வேண்டும். எடுத்தவற்றுள் வெள்ளை 15, கறுப்பு 5 என்று வைத்துக்கொள்வோம். தரையில் மிஞ்சியது கறுப்பு 15, வெள்ளை 5. மிஞ்சிய ஒவ்வொன்றும் ஒரு குஞ்சு பொரிப்பதாகக் கொண்டு, அதே நிறத்தில் ஒன்று சேர்த்துத் தூவுங்கள். இப்போது கறுப்பு 30, வெள்ளை 10. மீண்டும் 20 கொத்தட்டும். இம்முறை வெள்ளை 8, கறுப்பு 12 போனால், மிஞ்சுவது கறுப்பு 18, வெள்ளை 2. இரட்டித்தால் கறுப்பு 36, வெள்ளை 4. இரண்டே தலைமுறையில் சரிபாதியாக இருந்த கூட்டம் கறுப்பாகிவிட்டது.

இங்கே பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "ஏதாவது ஒரு வெள்ளை உளுந்து கறுப்பாக மாறியதா?" இல்லை. எந்த உளுந்தும் மாறவில்லை, கூட்டம் மாறியது. பிறகு அதே விளையாட்டை வெண்மணலில் ஆடிப் பாருங்கள். வெள்ளை பெருகும். இடம் மாறினால் ஏற்றது எது என்பதும் மாறும்.

பூச்சி பழகுவதில்லை

இனி நம் கேள்விக்கு வருவோம். பூச்சி மருந்துக்குப் பழகுகிறதா?

குடிப்பழக்கம் உள்ளவனுக்கு நாளாக நாளாக அதிகம் தேவைப்படுவது போல, பூச்சியும் பழகிவிட்டது என்று எண்ணுகிறோம். அப்படி எண்ணினால் அளவைக் கூட்டத் தோன்றும்; இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிக்கத் தோன்றும். உண்மை வேறு. ஒரு கணக்கைப் பாருங்கள். வயலில் 1000 புழுக்கள். அவற்றுள் இரண்டுக்குப் பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும் குணம் இருக்கிறது. மருந்து அடித்ததும் 990 செத்து 10 மிஞ்சின. அந்த இரண்டும் அதில் உண்டு. ஆயிரத்தில் இரண்டாக இருந்தவை இப்போது பத்தில் இரண்டு. மிஞ்சியவை பெருகி மறுபடி ஆயிரமானால், ஏறக்குறைய 200 தாங்கும் புழுக்கள். மறுபடியும் அதே மருந்து அடித்தால், தாங்காத 800-இல் சிலவும், தாங்கும் 200 முழுதும் மிஞ்சும். இது விளக்கத்துக்கான கணக்கே. வயலில் இவ்வளவு விரைவாக நடப்பதில்லை. ஆனால் நடக்கும் விதம் இதுதான். வெள்ளை உளுந்தைக் கொத்திய பறவையின் வேலையைத் தெளிப்பான் செய்கிறது. எந்தப் புழுவும் பழகவில்லை. தாங்காதவை செத்தன, தாங்கியவை பெருகின. அளவைக் கூட்டினால், இன்னும் வலிமையாகத் தாங்குபவற்றைத் தேர்ந்தெடுப்போம், அவ்வளவே.

இது புதிய செய்தியும் அன்று. அமெரிக்காவில் பழமரங்களைத் தாக்கிய செதில் பூச்சி, சுண்ணாம்பு-கந்தகக் கரைசலுக்குச் சாகவில்லை என்பதை மெலாண்டர் என்ற பூச்சியியல் அறிஞர் 1914-லேயே எழுதினார். நெற்பயிரில் புகையானை எதிர்க்கும் ஐ.ஆர். 26 ரகத்தைப் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-இல் வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்த ரகத்தையும் உண்டு வாழும் புகையான் கூட்டம் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வயல்களில் பெருகியது. 1976-இல் ஐ.ஆர். 36 வெளியிடப்பட்டது.

பருத்தி விவசாயிகள் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1987-இல் ஆந்திரத்தின் பருத்திப் பகுதிகளில், பைரித்ராய்டு மருந்துகளைத் தாங்கிய பச்சைக் காய்ப்புழு பெருகிப் பேரழிவு உண்டாக்கியது. 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. பல ஆண்டுகள் காய்ப்புழுத் தொல்லை குறைந்தது. ஆனால் ஒற்றை நஞ்சுள்ள பி.டி. பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்குவது குஜராத்தில் 2010-இல் வெளிப்பட்டது. இரண்டு நஞ்சுகள் கொண்ட பருத்தியும் பின்னர் அப்புழுவிடம் தோற்றது; 2017-இல் மகாராஷ்டிரத்தில் பெருஞ்சேதம் நேர்ந்தது.

பச்சைக் காய்ப்புழுவை விட இளஞ்சிவப்புப் புழு ஏன் முந்திக்கொண்டது? பச்சைக் காய்ப்புழு கொண்டைக்கடலை, துவரை, தக்காளி என்று பலவற்றில் வாழும். அங்கெல்லாம் பி.டி. நஞ்சு இல்லாததால் தாங்காத புழுக்களும் உயிரோடிருந்து கூட்டத்தில் கலந்தன. இளஞ்சிவப்புப் புழு பெரும்பாலும் பருத்தியையே நம்பியது. பருத்தியெல்லாம் பி.டி. ஆனபோது, தாங்காத புழுவுக்கு ஒதுங்க இடமில்லை.

அதற்காகத்தான் வயலைச் சுற்றி 5 வரிசை அல்லது பரப்பில் 20 சதம், இதில் எது அதிகமோ அந்த அளவுக்குப் பி.டி. அல்லாத பருத்தியைப் புகலிடப் பயிராக விதைக்கச் சொல்லப்பட்டது. அங்கே பிழைத்த சாதாரண அந்துப்பூச்சிகள், தாங்கும் அந்துப்பூச்சிகளோடு இணைந்தால் பிறக்கும் புழு பெரும்பாலும் பி.டி. செடியில் பிழைக்காது. "புழுவை வளர்க்கவா விதைப்பது?" என்று பலர் அந்தப் பொட்டலத்தைக் கீழே போட்டார்கள். அமெரிக்காவின் அரிசோனா பகுதியில் புகலிடப் பயிரை ஒழுங்காக விதைத்தனர். மலட்டு அந்துப்பூச்சிகளையும் விட்டனர். 2018-இல் அந்நாட்டின் பருத்திப் பகுதிகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. புழு ஒன்றே, பாடத்தைப் படித்த விதம் வேறு.

நாம் செய்ய வேண்டியவை

1. பூச்சியைக் கண்டதும் தெளிக்காமல், எண்ணிப் பார்த்துத் தெளியுங்கள். நெல்லில் சிலந்தி இல்லாதபோது தூருக்கு 1 புகையான், குத்துக்கு 1 சிலந்தி இருக்கும்போது தூருக்கு 2 புகையான் என்பது பொருளாதாரச் சேத நிலை. அதற்குக் கீழே மருந்து வேண்டாம்.

2. புகையான் வரும் இடங்களில் நடவின்போதே 2.5 மீட்டருக்கு ஒரு முறை 30 செ.மீ. பட்டம் விடுங்கள். தழைச்சத்தை அளவுக்கு மேல் இட வேண்டாம். புகையான் கண்டால் தண்ணீரை வடித்து வையுங்கள்.

3. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கான இனக்கவர்ச்சிப் பொறிகளை ஏக்கருக்கு 2 வீதம் வையுங்கள். பொறி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 8 அந்துப்பூச்சி வீதம் தொடர்ந்து 3 நாட்கள் விழுந்தால் நடவடிக்கை தேவை. கடைசிப் பறிப்புக்குப் பின் பயிரை நீட்டிக்காமல், பருத்திமாரை அகற்றி அழித்து விடுங்கள். புழு எஞ்சிய காய்களிலும் விதையிலும் அடுத்த பருவம் வரை உறங்கும்.

4. ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து அடிக்காதீர்கள். கடையில் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்கலாம். ஆகவே வணிகப் பெயரை விட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள நச்சுப்பொருளின் பெயரைப் படித்துக் குறித்து வையுங்கள்.

5. பரிந்துரைத்த அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சொந்தமாகப் பல மருந்துகளைக் கலக்கவும் வேண்டாம்.

6. களைக்கொல்லிக்கும் இதே விதி பொருந்தும். பஞ்சாப், அரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டூரான் என்ற ஒரே களைக்கொல்லியை ஆண்டாண்டாக அடித்ததால், 1990-களின் தொடக்கத்தில் அதற்குச் சாகாத களைப்புல் பெருகியது. கைக்களை, பயிர்ச் சுழற்சி, களைக்கொல்லி ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கையாள வேண்டும்.

வயலில் படித்தவர்கள்

வயலையே பள்ளியாக்குவது வெறும் பேச்சன்று. மருந்தால் சிலந்தி முதலிய நன்மை செய்யும் பூச்சிகள் அழிந்து புகையான் பெருகியதைக் கண்ட இந்தோனேசிய அரசு, 1986-இல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. 1989 முதல் அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. உழவர்கள் வாரந்தோறும் வயலில் கூடிப் பூச்சிகளை எண்ணினார்கள். கண்ணாடிப் புட்டியில் சிலந்தியையும் புகையானையும் ஒன்றாக விட்டு, சிலந்தி என்ன செய்கிறது என்று தாமே பார்த்தார்கள். அம்முறை பின்னர் நம் நாட்டிலும் பரவியது. அந்தப் புட்டிப் பாடத்தை உங்கள் வீட்டுத் திண்ணையிலும் நடத்தலாம். ஒரு நெல் தூர், நான்கைந்து புகையான், ஒரு சிலந்தி, வாயில் மெல்லிய துணி. மறுநாள் காலை பிள்ளை எண்ணிச் சொல்லட்டும்.

பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். வாரம் ஒருநாள் வயலில் ஓர் உயிரைப் பார்த்து, "இது இங்கே பிழைக்க எது உதவுகிறது? அது இல்லாதவை என்ன ஆகியிருக்கும்?" என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லுங்கள். தெளித்த மருந்தின் பெயரையும் தேதியையும் அதே நோட்டில் எழுதட்டும். அடுத்த பருவத்தில் மருந்து வாங்கப் போகுமுன் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். போன தடவை அடித்ததையே மறுபடி வாங்கப் போகிறீர்களா என்பதை உங்கள் பிள்ளையின் கையெழுத்தே சொல்லிவிடும்.